புகுந்த வீட்டில் படுத்துக்கொண்ட பேட்டரி

1. மாடு இழுத்து வந்த கார்

யுத்த காலத்தில் தர்மபுரியில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரிக் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டைனமோ, இன்ஜினைக் கிளப்பும் செல்ப் மோட்டார், பேட்டரி, விளக்கு ஆகிய நான்கும் என் பொறுப்பு. இன்ஜின் என் பொறுப்பல்ல. அதில் கை வைத்தால் இன்ஜின் மேஸ்திரிக்குக் கோபம் வரும்.

ஒருநாள் காலை பென்னாகரம் ரோட்டிலிருந்து ஒரு ஜோடிக் காளைகள் ஒரு காரை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றன. முன் பம்பரில் வடக்கயிறு. ஸ்டியரிங்கில் டிரைவர் கோவிந்தன். பின் சீட்டில், தலைப்பாகை சற்றும் கலையாமல், காரின் சொந்தக்காரரான மிட்டாதார், அந்தப் பக்கத்துப் பெரிய நிலக்காரர். கார் ஓடாவிட்டாலும் காரில்தான் வருவது என்று தீர்மானித்திருந்தார் போலும். காளைகள் நின்றதும் கோவிந்தன் இறங்கிக் கதவைத் திறந்தான். மிட்டாதார் இறங்கினார். வழக்கமான மரியாதைகள் எதுவும் குறையவில்லை.

"ஏன்யா ரங்கசாமி, இது என்னா காரா, கட்டை வண்டியா?" என்று எங்கள் முதலாளியைக் கேட்டார். "செல்பை அழுத்தினா கிர்ருன்னுகூட சொல்ல மாட்டேங்குது. போன வாரந்தான் சார்ஜ் போட்டுக் குடுத்தே."

"பேட்டரி எறங்கிப்போச்சுங்க" என்றார் முதலாளி.

"எறங்கிப்போச்சுன்னு எனக்குந் தெரியுது. ஏன் எறங்குது?"

இளைஞர்களுக்கு ஒரு விளக்கம். பழைய மேக்னெட்டோ வண்டிகளில் பேட்டரி செத்தாலும் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். மிட்டாதாருடையது இக்னிஷன் காயில் வைத்த வண்டி. பேட்டரியில் ஓரளவாவது உயிர் இருந்தால்தான் பிளக்கில் நெருப்புப் பொறி வரும். பேட்டரி முழுக்கப் படுத்துவிட்டால் ஹேண்டிலைச் சுற்றுகிறவனுக்குத் தோள் வலிக்கும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைத்தது என்பதால் கார் அடிக்கடி வெளியே போகாது. கார் ஓடினால்தான் டைனமோ பேட்டரியை நிரப்பும். ஓடாத காரின் பேட்டரி நிரம்ப வழியில்லை. ஆனால் நல்ல பேட்டரி சும்மா நின்றால் இத்தனை சீக்கிரம் வற்றவும் கூடாது.

மிட்டாதார் காரணத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தார். கோவிந்தனைக் கைகாட்டினார்.

"இவன் ராத்திரி லைட்டைப் போட்டு வுட்டுட்டுப் போயிடறான். காலையில நான் எந்திரிக்கறதுக்குள்ள வந்து அமத்திட்டு, ஒண்ணுந் தெரியாதவனாட்டம் நிக்கறான்."

"இல்லீங்க எஜமான்" என்றான் கோவிந்தன்.

"அப்ப வேற யாரு? பேயா?"

கோவிந்தன் காளைகளின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்தப் போய்விட்டான்.

2. எத்தனை பாட்டில் வரும்?

பேட்டரியைக் கழற்றி மேடையில் வைத்தேன். மூன்று செல்லிலும், ஆசிட்டின் கனத்தை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன். மூன்றும் ஒரே அளவில் இறங்கியிருந்தன. பிளேட் கெட்டிருந்தால் ஏதாவது ஒரு செல் மற்ற இரண்டைவிட மோசமாக இருக்கும். மூன்றும் சமமாக இறங்கினால், யாரோ உட்கார்ந்து நிதானமாகக் குடித்திருக்கிறார்கள் என்று பொருள். ஆசிட் மட்டம் சரியாக இருந்தது. மேல்பக்கம் சுத்தமாகத் துடைத்திருந்தது. டெர்மினலில் உப்புப் பூத்திருக்கவில்லை. கோவிந்தன் வண்டியைப் பராமரிக்கத் தெரிந்தவன் என்பதற்கு அந்தப் பேட்டரியே சாட்சி. ஆனால் சாட்சியை விசாரிக்கும் பொறுமை மிட்டாதாருக்கு இல்லை.

எண்ணெய் இன்ஜினில் ஓடும் எங்கள் சார்ஜரில் பேட்டரியை ஏற்றி, பிறகு இரண்டு நாள் மேடையிலேயே சும்மா வைத்தேன். துளியும் இறங்கவில்லை. காரில் மாட்டி, காரையும் ஒர்க்‌ஷாப்பிலேயே நிறுத்தினேன். அப்போதும் இறங்கவில்லை. டெர்மினலைக் கழற்றி மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். எங்காவது கசிவு இருந்தால் அந்த இடத்தில் சிறு பொறி தெறிக்கும். தெறிக்கவில்லை. டைனமோவையும் பேட்டரியையும் பிரித்துவைக்கும் கட்-அவுட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டால் பேட்டரி டைனமோ வழியாகவே வற்றிவிடும். அதையும் திறந்து பார்த்தேன். முனைகள் கண்ணாடிபோல் இருந்தன. திருப்தியுடன் காரை அனுப்பினேன்.

இரண்டாம் நாள் காளைகள் மறுபடியும் வந்தன. இந்த முறை வழி கேட்காமலே வந்ததாகக் கோவிந்தன் சொன்னான்.

எங்கள் முதலாளிக்குப் பேட்டரியைவிட உவமை நன்றாக வரும். "இங்க இருந்தா நல்லா தின்னுட்டு நல்லா தூங்குது. அங்க போனா படுத்துக்குது. பொறந்த வூட்டுல சொகமா இருந்துட்டு, புகுந்த வூட்டுக்குப் போனதும் காய்ச்சல்ங்கற பொண்ணாட்டம் இருக்குதேப்பா!" என்றார். ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் விளையாட்டாகச் சொன்னதுதான் சரியான விடை என்பது எனக்கு அப்போது தெரியாது. விளையாட்டு நேரத்தில் சொல்லப்படும் விடைகளை நாம் எழுதிக்கொள்வதில்லை.

கோளாறு பேட்டரியில் இல்லை, காரிலும் இல்லை, கார் நிற்கும் இடத்தில் இருக்கிறது என்றுதான் நான் முடிவுக்கு வந்திருக்க வேண்டும். அதற்குப் பதில், ஓடும்போது அதிர்வில் எங்காவது ஒயர் உரசுகிறதோ என்று சந்தேகப்பட்டு, மிட்டாதாரின் ஊருக்கே போய் ஒரு பகல் முழுவதும் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன். ஒயர் எங்கும் உரசவில்லை.

நான் வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்தபோது மிட்டாதாரும் அவருடைய கணக்குப்பிள்ளையும் நின்றிருந்தார்கள். கணக்குப்பிள்ளை புதிதாக ஒரு காரணம் வைத்திருந்தார்.

"லைட்டு போடறதெல்லாம் இல்லீங்க. கரண்ட்டை எறக்கி வித்துடறான். பெட்ரோலு எறக்கி விக்கலியா ஊருல? அதாட்டந்தான்."

மிட்டாதார் யோசித்தார். என்னைப் பார்த்து, "எத்தனை பாட்டில் வரும்?" என்றார்.

கரண்ட்டைப் பாட்டிலில் எடுக்க முடியாது என்று சொன்னேன்.

"அப்ப எதுல எடுப்பானுங்க?"

எதிலும் எடுக்க முடியாது என்று விளக்கினேன். நான் கோவிந்தனுக்குப் பரிந்து பேசுவதாக இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

"சரி. வெள்ளிக்கிழமை காலையில முனியப்பன் கோயில்ல கற்பூரம் அடிக்கட்டும்" என்றார் மிட்டாதார். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பார்கள். எந்த மீட்டரையும் நம்பாதவர்களும் அதை நம்புவார்கள். "நான் லைட்டைப் போடலை, எடுக்கலை, விக்கலைன்னு ஊருக்கு முன்னால அடிச்சுச் சொல்லட்டும். சொன்னா இருக்கட்டும். இல்லேன்னா வூட்டைக் காலி பண்ணிட்டுப் போவட்டும்."

கோவிந்தன் குடியிருந்தது மிட்டாதார் கொடுத்த இடத்தில். வேலை போனால் கூரையும் போகும். மனைவிக்கு அது ஏழாம் மாதம். அப்படிப்பட்டவன் சத்தியம் செய்ய ஓடி வந்திருக்க வேண்டும். ஆனால் அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சத்தியம் மட்டும் வேணாங்க எஜமான். போவச் சொன்னா போயிடறேங்க" என்றான்.

கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வழக்கு அத்துடன் முடிந்துவிட்டது என்பது அதன் பொருள்.

3. வியாழக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம்

வியாழக்கிழமை பிற்பகல் சார்ஜ் செய்த பேட்டரியோடு மறுபடியும் அந்த ஊருக்குப் போனேன். இந்தத் தடவை ஒயரைத் தேடப் போவதில்லை, கரண்ட் போகிற நேரத்தில் கூடவே உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பேட்டரியை மாட்டி, அதன் ஒயருக்கு நடுவே என் அம்மீட்டரை இணைத்து, முள் தெரிகிற மாதிரி காரின் படியில் வைத்தேன். முள் பூஜ்யத்தில் நின்றது. அதன் எதிரே ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்தேன்.

கார் நின்றது வீட்டின் பின்புறம், மாட்டுக் கொட்டகையை ஒட்டி, முன்பு வில்வண்டி நின்ற கொட்டகையில். இரண்டு பக்கமும் மண் சுவர், முன்னால் தட்டிக் கதவு. மிட்டாதார் அந்தப் பக்கம் காலையில்தான் வருவார். மாலையில் முன்வாசலில் நாலு பேரோடு யுத்தச் செய்தி பேசிக்கொண்டிருப்பார்.

வெயில் இறங்க இறங்கக் கோவிந்தன் என்னைக் கிளப்புவதிலேயே குறியாக இருந்தான்.

"கடைசி பஸ்ஸு போயிருங்க மேஸ்திரி."

"போகட்டும். இங்கேயே படுத்துக்கறேன்."

"இங்க கொசுங்க."

"பரவாயில்லை."

"பாம்புகூட வருங்க."

"உனக்கு வேலை நிலைக்கணும்னு எனக்கு இருக்கிற அக்கறைகூட உனக்கு இல்லையே!" என்று கேட்டேன். அவன் தட்டிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது கதவு திறந்தது. மிட்டாதாரின் மனைவி வந்தார். கையில் குங்குமச் சிமிழ். நெற்றியில் அகலமான பொட்டு. என்னைப் பார்த்துச் சற்று நின்றார்.

"யாருப்பா அது?"

"டவுன் மேஸ்திரிங்கம்மா. பேட்டரி பாக்க வந்திருக்காருங்க" என்றான் கோவிந்தன்.

"நல்லா பாத்துச் சொல்லுப்பா. எங்க வூட்டுக்காரரு இந்தப் புள்ள மேல பழியப் போட்டுக்கிட்டுக் கெடக்கறாரு. வாயும் வயிறுமா ஒருத்தி இருக்கறா அவன் வூட்டுல. ஏன்தான் இப்படி ஆவுதுன்னு கண்டுபிடிச்சுடு."

இதைச் சொல்லிக்கொண்டே காரின் முன்மூடிக்குக் குங்குமம் வைத்தார். பிறகு கார்க் கதவைத் திறந்து, உள்ளே கை விட்டு, விளக்குக் குமிழை ஒரு படி வெளியே இழுத்தார். முன்னால் இரண்டு சைடு லைட்டும் பின்னால் டெயில் லைட்டும் எரிந்தன. கொட்டகை முழுக்க மஞ்சள் வெளிச்சம். அம்மீட்டர் முள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்த அம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

இத்தனை நாளாக நான் வண்டிக்கடியில் தேடிய கசிவு கதவைத் திறந்துகொண்டு வந்து, என்னிடமே நலம் விசாரித்துவிட்டு, என் கண்ணெதிரில் கும்பிட்டுக்கொண்டு நின்றது.

"தினமும் ஏத்துவீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"பின்ன? வூட்டுல இருக்கற வெளக்கெல்லாம் வெச்சுட்டு, இதை மட்டும் இருட்டுல நிறுத்தலாமா? பெரியவன் பட்டாளத்துக்குப் போறப்ப இந்தக் கார்லதான் ஸ்டேஷனுக்குப் போனான். அவந்தான் இந்தக் குமிழைக் காட்டிக்குடுத்தான். அன்னைலருந்து ஏத்தறேன்."

"அணைக்கிறது யாருங்க?"

"வெளக்க யாராச்சும் அணைப்பாங்களா? அதுவே மலையேறிடும். விடியக்காலை சாணி தெளிக்க வர்றப்ப அமைதியா இருக்கும். திரியத் தள்ளி வெக்கறாப்பல குமிழை உள்ள தள்ளிட்டுப் போவேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் பெட்ரோலு எரியுந்தான். கூப்பன் காலத்துல தப்புதான். அவருகிட்டச் சொல்லிடாதே" என்றார்.

விளக்கு பெட்ரோலில் எரிகிறது என்றும், பேட்டரி என்பது வண்டி கிளப்புவதற்கு மட்டும் என்றும் அவர் நினைத்திருந்தார். சொல்லிக்கொடுத்த மகன் குமிழை மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

அம்மாள் போனதும் கோவிந்தனைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமா?"

"ஒருநாள் வெள்ளன வந்தப்ப பாத்தேங்க."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"என்னான்னு சொல்றது மேஸ்திரி? புள்ள சண்டையில இருக்கறப்ப, வெளக்க ஏத்தாதீங்கன்னு எந்த வாயால சொல்றது? நான் சொல்லி, அவங்க நிறுத்தி, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? நான் கற்பூரம் அடிச்சுட்டேன்னு வைங்க. அடுத்தாப்பல எஜமான் வூட்டுல இருக்கறவங்களை ஒவ்வொருத்தரா அடிக்கச் சொல்லுவாரு. அந்தம்மா கையில கற்பூரம் போவலாமா?"

மறுநாள் காலைக்குள் பேட்டரி இறங்கக்கூடாது. விளக்கும் எரிய வேண்டும். இரண்டும் முரண்பாடானவை அல்ல என்பது கொஞ்சம் யோசித்த பிறகு தெரிந்தது. விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான். எத்தனை வெளிச்சம் என்று யாரும் சொல்லவில்லை. என் பையில் பானல் லைட் பல்பு ஒன்று இருந்தது. மீட்டர்களுக்குப் பின்னால் எரியும் பொட்டு பல்பு. மூன்று விளக்கும் சேர்ந்து குடிப்பதில் பத்தில் ஒரு பங்குகூட அது குடிக்காது.

பல்பைக் கழற்றப் போனேன். கோவிந்தன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எரியற வெளக்கை அணைக்கறீங்களே!"

"மாத்திப் போடத்தான்."

"அதுக்குள்ள இருட்டாயிடுமில்லீங்க."

ஒர்க்‌ஷாப்பில் இப்படி ஒரு ஆட்சேபம் எனக்கு வந்ததில்லை. ஆனால் அன்று அதற்கும் இடம் கொடுத்தேன். வலது விளக்கு எரியட்டும் என்று விட்டு, இடது விளக்கின் பல்பை எடுத்து, அதன் இடத்தில் பொட்டு பல்பைக் கட்டினேன். அது எரிந்த பிறகுதான் வலது விளக்கின் ஒயரையும் டெயில் லைட் ஒயரையும் கழற்றித் துணி சுற்றினேன். ஒரு கணமும் கொட்டகையில் இருட்டு விழவில்லை. இரவில் கார் எடுக்க நேர்ந்தால் இரண்டு ஒயரையும் சேர்ப்பது எப்படி என்று அவனுக்குக் காட்டினேன். முள் பூஜ்யத்தை விட்டு ஒரு மயிரிழை மட்டும் விலகி நின்றது.

வெள்ளிக்கிழமை காலை மிட்டாதார் குளித்து, பட்டை போட்டு, கோயிலுக்குப் போக வந்தார். ஊரில் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். கோவிந்தன் முன்னதாகவே வந்து குமிழை உள்ளே தள்ளியிருந்தான். கற்பூரம் அடிக்கப் போகிற இடத்துக்கு நடந்து போவது மரியாதை இல்லை என்று நினைத்தோ என்னவோ, மிட்டாதார் காரில் ஏறி உட்கார்ந்தார். காளைகளைக் கூப்பிட ஆள் ஓடினான். கோவிந்தன் செல்பை அழுத்தினான். இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

சைடு லைட் வரிசையில் ஒரு கசிவு இருந்தது, சரி செய்துவிட்டேன் என்று நான் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. மிட்டாதார் நான் சொன்னதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "பாத்தீங்களா? கற்பூரம்னு பேரு சொன்னதுக்கே ஓடுது!" என்றார். சத்தியம் தேவைப்படவில்லை. காரை எடுத்ததை வீணாக்காமல், கோயிலுக்கே போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்கள். வேலை தப்பியது. வீடும் தப்பியது. கற்பூரத்துக்குப் பயந்து திருந்தியவன் என்ற பெயர் மட்டும் கோவிந்தனுக்கு ஒட்டிக்கொண்டது.

4. என் ரிப்பேர் செய்த கோளாறு

சில வாரங்களில் கோவிந்தன் ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தே வந்தான். செல்ப் இழுவை மந்தமாகிறது என்றான். நான் நம்பவில்லை. கூடவே போனேன்.

கொட்டகையில் பட்டப்பகலில் பொட்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மாள் என்னைக் கண்டதும் குறை சொன்னார்.

"நீ என்னமோ பண்ணிட்டேப்பா. முன்ன தானா மலையேறிடும். இப்ப வெளிச்சமும் கம்மி, விடிஞ்சாலும் எரியுது. எரியற வெளக்கை நான் எப்படி அமத்துவேன்? புள்ள தூரதேசத்துல இருக்கறான்."

"நீ தள்ளக்கூடாதா?" என்று கோவிந்தனைக் கேட்டேன்.

"மொத நாளு தள்ளினேங்க. அன்னைக்கு சத்தியம் இருந்துச்சு. அம்மா அதைக் கேட்டுட்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலீங்க. அப்புறம் தள்ளலீங்க."

ஆக, நான் இரவு முழுதும் தாங்கும் விளக்கு ஒன்று செய்து கொடுத்திருந்தேன். அது தாங்கியது. அதனாலேயே இரவும் பகலும் எரிந்து பேட்டரியை வேறு வழியில் காலி செய்துகொண்டிருந்தது. செத்துப்போகிற பேட்டரிதான் அந்த வீட்டில் அதுவரை விளக்கை அணைத்துக்கொண்டிருந்தது. அந்த வேலையை நான் அதனிடமிருந்து பிடுங்கிவிட்டேன், வேறு ஆளை நியமிக்கவில்லை.

"பூஜை வெளக்கு எரிஞ்சுகிட்டே இருந்தா, சாத்தறப்ப என்ன செய்வீங்கம்மா?" என்று கேட்டேன்.

"பூவால அமத்துவோம். ஊதக்கூடாது."

"இதையும் பூவால அமத்தலாமில்லீங்களா?"

அம்மாள் குமிழைப் பார்த்தார். கோவிந்தனைப் பார்த்தார். "என் கையால வேணாம்ப்பா. இவன் வேணா செய்யட்டும். பூ நான் பறிச்சுக் குடுக்கறேன்."

அன்று முதல் தினமும் விடியற்காலையில் கோவிந்தன் ஒரு செவ்வரளிப் பூவைக் குமிழ்மேல் வைத்து அழுத்துவான். விளக்கு அமைதியாகும். பேட்டரி அதற்குப் பிறகு ஒர்க்‌ஷாப்புக்கு வரவில்லை, காளைகளும் வரவில்லை. ஒருநாள் மிட்டாதார் அதைப் பார்த்துவிட்டாராம். "என்னாடா இது?" என்றாராம். "பேட்டரிக்குங்க எஜமான்" என்றானாம். மிட்டாதார் மிகவும் திருப்தியடைந்து, தன் டிரைவர் பேட்டரிக்குப் பூஜை செய்கிறான், அதனால்தான் சார்ஜ் நிற்கிறது என்று கார் வைத்திருந்த தன் சிநேகிதர்களிடமெல்லாம் சொன்னார். அடுத்த மாதம் பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டிரைவர், டிஸ்டில்டு வாட்டர் கேட்பதற்கு முன், எந்தப் பூ என்று என்னைக் கேட்டான்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஹைட்ரோமீட்டர் பேட்டரியின் நிலைமையைச் சொல்லும். அம்மீட்டர் கரண்ட் போகிறதா என்று சொல்லும். எதற்காகப் போகிறது என்பதை இரண்டும் சொல்லாது. இறங்கிப்போன பேட்டரி யார் வீட்டிலிருந்து வந்தாலும் இப்போதெல்லாம் நான் மூடியைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன்: உங்கள் வீட்டில் விளக்கு வைப்பது யார்? பெரும்பாலான ஆண்களுக்கு அதற்குப் பதில் தெரிவதில்லை.